எழுபது குறிகளில் ஓர் அழைப்பு

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் பேருந்து. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரம். என் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கையிலிருந்த சின்னச் செல்பேசி 'டிங்' என்று ஒலித்தது. "தம்பி, என்ன வந்திருக்குன்னு பாத்துச் சொல்லுப்பா" என்று என்னிடம் நீட்டினார்.

அறுபது மாணவர்களுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை எனக்கு. அதே குரலில் படித்துவிட்டேன். ஒரு மருத்துவமனையின் பெயர், 'காசநோய்ப் பிரிவு' என்ற சொல், வரவேண்டிய தேதி. முன் இருக்கையில் இரண்டு தலைகள் திரும்பின. பாட்டி செல்பேசியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். புதுக்கோட்டை வரும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் படித்ததில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. ஆனாலும் பெரிய பிழை செய்துவிட்டேன் என்று தெரிந்தது. ஒரு குறுஞ்செய்திக்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன். நீங்களும் என்னோடு சேர்ந்து யோசித்துப் பாருங்களேன்!

ஒருமுறை சோதித்தால் போதாதா?

எச்.ஐ.வி. என்ற வைரஸைப் பற்றி உங்கள் உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் உடலின் நோய் எதிர்ப்புப் படையையே தாக்கி அழிக்கும் கிருமி அது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், தூய்மையற்ற ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளில் பரவும். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், கொசு கடித்தால் பரவாது.

இந்தியாவில் இது இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்தது நம் தமிழ்நாட்டில்தான். 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா செல்லப்பனும் இரத்த மாதிரிகளைத் திரட்டினார்கள். சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. மாதிரிகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் தெரிந்தது.

அன்று மருந்து கிடையாது. இன்று நிலைமை வேறு. 2004 ஏப்ரல் முதல் அரசே கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. மருந்தை நாள் தவறாமல் சாப்பிடுபவர் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழலாம். கருவிக்கே தென்படாத அளவுக்கு இரத்தத்தில் கிருமி குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஆலோசனையும் சோதனையும் இலவசம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? சோதித்துக்கொண்டவர் மறுபடியும் வரவேண்டும். அங்கேதான் சிக்கல்!

ஏன் மறுபடியும் வரவேண்டும் என்கிறீர்களா? மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, சாதாரணச் சோதனை தேடுவது பெரும்பாலும் கிருமியை அல்ல; கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது தென்படும் அளவுக்கு உண்டாக ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை ஆகலாம். இதைச் 'சாளரக் காலம்' என்பார்கள். அந்த நாட்களில் சோதித்தால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரக்கூடும். எனவே உரிய நாளில் இன்னொருமுறை சோதிக்கவேண்டும்.

இரண்டாவது, கிருமி இருப்பதாகத் தெரிந்தவர் சிகிச்சை மையத்துக்குப் போய் மருந்தைத் தொடங்கவேண்டும். பிறகு தவணை தவறாமல் போய் வாங்கவேண்டும்.

மூன்றாவது, கிருமியுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதம் வரைகூடத் தங்கியிருக்கும். ஆகவே வழக்கமான சோதனை அங்கே குழப்பிவிடும். 6 வாரத்தில் கிருமியின் மரபுப்பொருளையே தேடும் தனிச் சோதனை செய்கிறார்கள். 18 மாதம் ஆகும்வரை தொடர்ந்து கவனிக்கிறார்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. சரியான சிகிச்சையால் அதை 5-க்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். ஒரு தேதியை மறப்பதும் மறவாதிருப்பதும் எவ்வளவு பெரிய வேறுபாடு பார்த்தீர்களா?

ஏன் வராமல் போகிறார்கள்?

மணமேல்குடிப் பக்கத்து மீனவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகும் ஒரு பெண்ணை. மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் வேறு. அங்கே தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். 'உடம்புக்கு ஒன்றும் இல்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம். இவற்றோடு, தேதியை வெறுமனே மறந்துபோவது.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். ஐந்து காரணங்களில் மறதி ஒன்றே ஒன்றுதான். நினைவூட்டும் செய்தி மறதியைத்தான் போக்கும், கூலியைத் தராது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

செய்திக்குள் கொஞ்சம் பௌதிகம்

பௌதிக ஆசிரியன் குறுஞ்செய்தியைப் பற்றி எழுதிவிட்டு, அது எப்படி வருகிறது என்று சொல்லாமல் விடுவேனா?

நீங்கள் பேசாமல் சட்டைப்பையில் போட்டு வைத்திருக்கும்போதும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று செல்பேசி கோபுரத்துக்கு அவ்வப்போது தெரிவித்துக்கொண்டே இருக்கும். இந்த அடையாளச் செய்திகளுக்கென்று தனித் தடம் உண்டு. அந்தத் தடம் பல நேரங்களில் சும்மா கிடக்கிறதே, அதில் சின்னச் சின்ன எழுத்துச் செய்தியை அனுப்பினால் என்ன என்று 1980-களில் ஐரோப்பியப் பொறியாளர்கள் யோசித்தார்கள். 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து ஒரு செல்பேசிக்கு 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று அனுப்பினார். அதுவே உலகின் முதல் குறுஞ்செய்தி.

சின்னத் தடம் என்பதால் சுமையும் சின்னது. ஒரு செய்திக்கு 140 பைட் மட்டுமே. ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக 140 x 8 = 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். 1,120-ஐ 7-ஆல் வகுத்தால் 160. அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து.

தமிழுக்கு 7 பிட் போதாது. குறி ஒன்றுக்கு 16 பிட் வேண்டும். 1,120-ஐ 16-ஆல் வகுங்கள். 70! அதிலும் ஒரு வேடிக்கை. 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து. செல்பேசிக்கோ அது 'க' ஒன்று, மேலே சுழித்த விசிறி ஒன்று, ஆக இரண்டு குறிகள். புள்ளி வைத்த மெய்யெழுத்தும் இரண்டு. 'புதுக்கோட்டை' என்ற சொல்லில் நமக்கு 6 எழுத்து. செல்பேசி 12 என்று எண்ணும்.

இன்னொரு நல்ல குணமும் இதற்கு உண்டு. உங்கள் செல்பேசி அணைந்து கிடந்தால் செய்தி உடனே தொலைந்துவிடாது. செய்தி மையத்தில் காத்திருந்து, நீங்கள் செல்பேசியை உயிர்ப்பித்ததும் வந்து சேரும். இணையமும் வேண்டாம், விலையுயர்ந்த செல்பேசியும் வேண்டாம். கடலுக்குப் போய்த் திரும்பும் மீனவருக்கு இதைவிடப் பொருத்தமான தபால்காரர் உண்டா?

பலன் உண்டா? அளந்து பார்ப்போம்

'நினைவூட்டினால் வருவார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது?' என்று உங்களுக்குத் தோன்றலாம். அறிவியல் அப்படி விட்டுவிடுவதில்லை. பெங்களூரில் நடந்த கதையைக் கேளுங்கள்.

அங்கே மருந்து சாப்பிட்டுவரும் 150 பேருக்கு, வாரம் ஒருமுறை தானியங்கிக் குரல் அழைப்பும், ஒரு படச்செய்தியும் ஆறு மாதம் அனுப்பினார்கள். 2012-இல் முடிவு வெளியாயிற்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் முன்பு நூற்றுக்கு 85 பேர்; பிறகு 91 பேர். வெற்றி என்று சொல்லிவிடலாம் அல்லவா?

அதே ஆய்வாளர்கள் அங்கேயே நிறுத்திவிடவில்லை. தென்னிந்தியாவில் மூன்று சிகிச்சை மையங்களில், புதிதாக மருந்து தொடங்கும் 631 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். நாணயம் சுண்டிப் பிரிப்பதுபோல அவர்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். 315 பேருக்கு வாரந்தோறும் அழைப்பும் படமும். 316 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 96 வாரம் காத்திருந்து, இரத்தத்தில் கிருமி மீண்டும் பெருகுகிறதா என்று அளந்தார்கள். 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவு வந்தது. இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை!

எப்படி இது? முதல் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. நம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே நாம் ஒழுங்காகிவிடுகிறோம். நாட்கள் ஆக ஆகப் பழக்கமும் வந்துவிடும். ஏறிய 6 புள்ளிகளில் செய்தியின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. இரண்டாவது ஆய்வில் அந்த மற்றவை எல்லாம் இரு குழுவுக்கும் பொதுவாகிவிட்டன. மேலும் இரு குழுவுக்கும் மையங்களில் நல்ல ஆலோசனை ஏற்கெனவே கிடைத்துவந்தது. அளந்த பொருளும் மாறியது: முதலில் மருந்து சாப்பிடும் ஒழுங்கு, பிறகு கிருமியின் அளவு.

தாங்கள் முன்பு சொன்னதற்கு மாறான முடிவையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள் பாருங்கள். அதை நாம் பாராட்டவேண்டும்.

அப்படியானால் செய்தியே பயனற்றதா? அவசரப்படாதீர்கள். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக்குப் போவோம். அங்கே கடற்கரைப் பகுதியில், சாளரக் காலத்தை முன்னிட்டு மறுசோதனைக்கு வரச் சொன்னவர்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். தேதி எழுதிய அட்டை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேர் திரும்பி வந்தார்கள். குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, அப்படியும் வராவிட்டால் நேரில் ஆள் என்று நினைவூட்டப்பட்டவர்களில் 59 பேர் வந்தார்கள். இது 2016-இல் வெளியான முடிவு. ஆனால் இந்த 18 புள்ளி வேறுபாட்டைக் குறுஞ்செய்தியின் கணக்கில் மட்டும் எழுதலாமா? கூடாது. மூன்றும் சேர்ந்து இழுத்த தேர் அது.

அதே நாட்டில் 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கிருமியுள்ள தாய்மாருக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். செய்தி பெற்றவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 92 பேருக்குச் சோதனை நடந்தது. மற்றக் குழுவில் 85. சின்ன வேறுபாடுதான். அந்தச் சில குழந்தைகளில் ஒன்று நம் வீட்டுக் குழந்தையாக இருந்தால் அது சின்னதா?

கேள்வி கேட்கும் செய்தி

கென்யாவில் நடந்த மற்றொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 2010-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. மருந்து தொடங்கிய 538 பேர். ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை ஒரே சொல்லில் செய்தி: 'மாம்போ?' சுவாகிலி மொழியில் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று பொருள். மருந்து என்ற பேச்சே கிடையாது. இரண்டு நாளுக்குள் பதில் அனுப்பவேண்டும். நலம் என்றால் 'சாவா'. சிக்கல் என்றால் 'ஷீடா'. சிக்கல் என்றவரையும், பதிலே தராதவரையும் மையத்தின் பணியாளர் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார். முடிவு என்ன? மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் செய்தி பெற்ற குழுவில் நூற்றுக்கு 62, மற்றதில் 50. கிருமி அடங்கியவர்கள் 57, மற்றதில் 48.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். உள்ளே எவ்வளவு குளிர் என்று அறியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம் ஒன்று. வெப்பத்தை உணர்ந்து, வேண்டும்போது ஓடி, வேண்டாதபோது நிற்கும் இயந்திரம் இன்னொன்று. இரண்டாவதில் பின்னூட்டம் இருக்கிறது. 'மாம்போ' செய்தியிலும் அப்படித்தான். கூலி போய்விடும் என்று தயங்குபவர், மருந்தால் குமட்டுகிறது என்பவர், வீட்டில் சொல்லப் பயப்படுபவர் எல்லோரும் 'ஷீடா' என்ற ஒரு சொல்லால் தெரிவித்துவிடலாம். மறதியைத் தவிர மற்ற காரணங்களுக்கும் அங்கே ஒரு வாசல் திறக்கிறது. கதவைத் தட்டுவது செல்பேசி. உள்ளே வந்து பேசுவது மனிதர். வெற்றி பெற்ற முயற்சிகள் பலவற்றில் இந்த இரண்டாமவர் இருந்தார்.

யார் படிக்கிறார்கள்?

இப்போது பேருந்துப் பாட்டியிடம் திரும்பி வருவோம்.

குறுஞ்செய்தி படிப்பவருக்கு மட்டுமே பயன்படும். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1991-இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்கம் தர, கல்குவாரிப் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் மாலை நேரத்தில் எழுத்துப் படித்தார்கள். சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அன்று அவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்தது பேருந்தின் பெயர்ப்பலகைக்கு உதவியது. இன்று அதே எழுத்து செல்பேசியில் வருகிறது. உகாண்டா நாட்டின் கிராமப்புறத்தில் நடந்த ஓர் ஆய்விலும், ஒரு முழு வாக்கியத்தைப் படிக்கத் தெரிந்தவர்களே மருத்துவமனைச் செய்தியைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்தது.

ஆனாலும் நம் வீடுகளில் ஒரே செல்பேசியைப் பலர் பயன்படுத்துகிறோம். பெரியவர்களுக்கு வரும் செய்தியைப் படித்துச் சொல்வது யார்? பெரும்பாலும் நீங்கள்தான்! உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேரனோ பேத்தியோ.

'எச்.ஐ.வி. சோதனைக்கு வரவும்' என்று ஒரு செய்தி வந்தால் என்ன ஆகும்? வரவேண்டியவருக்கு முன்பே வீடு முழுவதும் படித்துவிடும். அச்சப்பட்டு அவர் எண்ணையே மாற்றிவிடுவார். உகாண்டா ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு குழுவுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துகளை, 'ஏ.பி.சி.டி.இ.எஃப்.ஜி.' என்று மட்டும் அனுப்பினார்கள். உடனே வாருங்கள் என்பது அதன் பொருள். பெறுபவருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். மற்றவர் பார்த்தால் குழந்தை விளையாடியது போலிருக்கும்!

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் இசைவின்றி அவர் நிலையை வெளியிடக் கூடாது என்கிறது. சட்டம் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும். பேருந்தில் உரக்கப் படிக்கும் ஆசிரியரை அவருடைய அறிவுதான் கட்டுப்படுத்தவேண்டும்.

ஆகவே யாராவது உங்களிடம் செல்பேசியை நீட்டினால், முதலில் கண்ணால் படியுங்கள். பிறகு அவர் காதருகே சொல்லுங்கள். தேதியையும் நேரத்தையும் இரண்டுமுறை சொல்லுங்கள். படித்ததை அங்கேயே மறந்துவிடுங்கள். ஐயம் உள்ளவர்களுக்கு 1097 என்ற இலவச உதவி எண் இருக்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒன்று: 'நாளை காலை 10 மணிக்கு வரவும்.' இதில் எத்தனை குறிகள் உள்ளன என்று எண்ணுங்கள். இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர வேண்டும். (28 வந்தால் நீங்கள் கெட்டிக்காரர்!) மீதி 42 குறிகள் இருக்கின்றன. உரியவருக்கு மட்டும் புரிந்து, மற்றவருக்கு ஒன்றும் தெரியாதபடி, பதில் அனுப்பவும் இடம் தரும் ஒரு செய்தியை 70-க்குள் எழுதிப் பாருங்கள்.

இரண்டு: உங்கள் பள்ளி நூலகத்தில் புத்தகம் எடுத்த 40 பேரை நாணயம் சுண்டி இரு குழுவாக்குங்கள். ஒரு குழுவுக்கு மட்டும் இரண்டு நாள் முன்னதாகச் சீட்டு எழுதி நினைவூட்டுங்கள். எந்தக் குழுவில் எத்தனை பேர் உரிய நாளில் திருப்பித் தந்தார்கள் என்று குறித்து வையுங்கள். திருப்பித் தராதவர்களிடம் காரணம் கேட்டு அதையும் எழுதுங்கள். மறதி எத்தனை, மற்றவை எத்தனை?

வந்த எண்ணிக்கை நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தாலும் அழிக்காதீர்கள். பெங்களூர் ஆய்வாளர்கள் அழிக்கவில்லை அல்லவா?